வராதவர்களின் கணக்கு

மக்கள் நலவாழ்வு, சுகாதார சேவைகள் துறையில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியதாக இருக்கும். ஆர் கற்றுக்கொள்ளட்டுமா, ஸ்டேட்டா போதுமா, இயந்திரக் கற்றல் தெரியாவிட்டால் வேலை கிடைக்குமா? நியாயமான கேள்விகள்தான், பதிலும் உண்டு. ஆனால் ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால், என் ஆய்வின் பாரத்தைக் கடைசிவரை சுமந்தது வேறொரு கேள்வி. கையில் இருக்கும் தரவில் யார் இல்லை? அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் துறையைப் பற்றிக் கொஞ்சம். மருத்துவர் தன் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, இவருக்கு ஏன் ரத்த அழுத்தம் ஏறியது என்று கேட்கிறார். எங்கள் துறை ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்து, இவர்களில் ஏன் இத்தனை பேருக்கு ஏறியிருக்கிறது என்று கேட்கிறது. ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்த இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்று பிரித்துக் காட்டினார். கென்ய நாடோடி மக்களின் ரத்த அழுத்த அளவுகளையும் லண்டன் அரசு ஊழியர்களின் அளவுகளையும் அவர் அருகருகே வைத்தார். இரண்டு கூட்டத்திலும் சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. ஆனால் லண்டன்காரர்களின் வரைகோடு மொத்தமாகவே வலப்பக்கம், அதாவது அதிக அழுத்தத்தின் பக்கம், தள்ளி நின்றது. லண்டனுக்குள்ளேயே நின்றுகொண்டு ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம் என்று எவ்வளவு துருவினாலும், கூட்டம் முழுவதும் நகர்ந்ததற்கான காரணம் பிடிபடாது. அந்தக் காரணம் அங்கே எல்லோர் மேலும் படிந்திருக்கிறது. அதனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சுகாதார சேவைகள் ஆய்வு இதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறது. நோய்க்கு மருந்து இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். அப்படியும் அது யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேரவில்லை, ஏன்? சேவையின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவேடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1966-ல் எழுதினார். இன்றைக்கும் பாதி ஆய்வேடுகளின் இரண்டாவது அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது. கட்டடம் இருப்பது, அதற்குள் சரியான வேலை நடப்பது, அதனால் ஆள் பிழைப்பது, மூன்றும் தனித்தனி. முதலாவதை எண்ணுவது சுலபம், மூன்றாவதை எண்ணுவது கடினம். சுலபமானதை எண்ணி அறிக்கை எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும்.

சரி, தரவுக்கு வருவோம்.

ஜான் ஸ்னோ என்ற லண்டன் மருத்துவரின் கதை இந்தத் துறைக்குள் வரும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லப்படும். 1854-ல் லண்டனில் காலரா, அதைப் பரப்பியது பிராட் தெருவில் ஓர் அடிபம்பின் தண்ணீர், அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். என்னை அதில் பிடித்துக்கொண்டது பம்பு அல்ல. ஸ்னோ, சாகாதவர்களைப் பற்றி விசாரித்த விதம். அந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஏழைகள் விடுதி இருந்தது. 535 பேர் தங்கியிருந்தார்கள், சுற்றிலும் வீட்டுக்கு வீடு சாவு. விடுதியில் இறந்தவர்கள் 5 பேர். விசாரித்தால் அங்கே தனிக் கிணறு இருந்தது. அருகிலிருந்த பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவரும் காலராவால் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்புப் பக்கமே போகாதவர்கள். இறந்தவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டு இடங்களும் அவர் கண்ணில் பட்டிருக்காது. பட்டியலில் அவை இல்லவே இல்லையே.

அதே ஆண்டில் ஸ்னோ செய்த இன்னொரு வேலை இதைவிடப் பெரியது, ஆனால் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருவில் கலந்து கட்டிக் குழாய் போட்டிருந்தன. சதர்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி, சாக்கடை கலந்த தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-ல் ஆற்றின் மேல்பகுதிக்கு இடம் மாறியிருந்தது. ஸ்னோ இறப்பு நடந்த வீடுகளின் படியேறி, இங்கே எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முதல் கம்பெனி வீடுகளில் 1,263 சாவு, இரண்டாவதில் 98. இதோடு நிறுத்தியிருந்தாலும் வித்தியாசம் பெரிதாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் முதல் கம்பெனி பெரிய கம்பெனி, அதனால்தான் சாவு அதிகம் என்று யாராவது ஒரே வாக்கியத்தில் தட்டிக் கழித்திருக்கலாம். ஸ்னோ, பின்னத்தின் கீழே வர வேண்டிய எண்ணையும் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கம்பெனி தண்ணீர் கொடுத்த வீடுகள் 40,046, மற்றதுக்கு 26,107. பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு ஒரு பக்கம், 37 மறுபக்கம். அதற்கு மேல் யாரும் கம்பெனியின் அளவைக் காரணம் காட்ட முடியாது.

பின்னத்தின் மேலே இருக்கும் எண் எப்போதும் தானாக வந்து சேர்ந்துவிடும். மருத்துவமனைக்கு வந்தவர்கள், படுக்கையில் சேர்ந்தவர்கள், மருந்து வாங்கியவர்கள், எல்லாமே எங்கோ ஒரு பதிவேட்டில் ஏறிவிடுகிறது. கீழே இருக்க வேண்டிய எண்ணை யாராவது தேடிப் போனால்தான் உண்டு. எங்கள் துறையில் ஒரு முனைவர் பட்ட மாணவர் செலவழிக்கும் ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தத் தேடலுக்குப் போகிறது. போக வேண்டும்.

என் ஆய்வு, நீண்டகால நோய்களுக்கான தொடர் சிகிச்சையைப் பற்றியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போனால் போதாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வர வேண்டும். யார் நின்றுவிடுகிறார்கள், எப்போது, ஏன் என்பதுதான் கேள்வி. சில மருத்துவ நிலையங்களின் அப்பாயின்ட்மென்ட் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட நிலையில், எனக்குக் கிடைத்தன. கிடைத்தன என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். உண்மையில் நெறிமுறைக் குழுவின் அனுமதி, தரவு வைத்திருப்பவர்களோடு ஒப்பந்தம், எந்தக் கணினியில் எப்படிப் பாதுகாப்பேன் என்பதற்கு ஒரு திட்டம் என்று அது நீண்டுகொண்டே போகும். இந்தக் காத்திருப்பைக் கணக்கில் எடுக்காமல் மூன்றாண்டுத் திட்டம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். காத்திருக்கும் காலத்தில் பகுப்பாய்வுத் திட்டத்தை முழுவதுமாக எழுதித் தேதி போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றும் சபலம் அதனால் குறையும்.

அந்தப் பதிவுகளில் ஒரே ஓர் ஆளின் வரிகளை மட்டும் காட்டுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதுகளில் இருக்கும் ஒரு பெண். முதல் தேதிக்கு எதிரே ரத்த அழுத்தம் 168/102. அடுத்த தேதியில் 150/94. அதற்கடுத்து 138/86. மருந்து பிடிக்கிறது என்று யாருக்கும் சந்தோஷம் தரும் வரிகள். நான்காவது தேதிக்கு எதிரே எண் இல்லை, ‘வரவில்லை’ என்பதற்கான குறியீடு மட்டும். ஐந்தாவதிலும் அதே குறியீடு. ஆறாவது வரி கிடையாது. அடுத்தடுத்து இரண்டு முறை வராதவர்களைக் கணினி தானாகவே பட்டியலை விட்டு எடுத்துவிடும்.

இப்போது அந்த நிலையத்தின் ஆண்டறிக்கைக்கு ஒரு கணக்குப் போட வேண்டும். எத்தனை சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது? பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் இவர் கணக்கிலேயே வரமாட்டார். அவரைப் போல நின்றுபோனவர்கள் அதிகமாக அதிகமாக, மிச்சமிருப்பவர்கள் ஒழுங்காக வருபவர்களாக மட்டுமே இருப்பார்கள், சதவீதமும் ஏறிக்கொண்டே போகும். அறிக்கையைப் படிப்பவருக்கு நிலையம் முன்னேறுவதாகத் தெரியும். சரி, அவரையும் சேர்ப்போம், கடைசியாகப் பதிவான அளவை அப்படியே முன்னால் இழுத்து நிரப்புவோம் என்றால் இன்னும் மோசம். 138/86 என்ற எண்ணோடு அவர் ‘கட்டுக்குள் இருப்பவர்’ ஆகிவிடுவார். மருந்தை விட்டு ஒரு வருடமாகியிருக்கலாம், பக்கவாதம் வந்து வேறெங்கோ படுத்திருக்கலாம். எங்கள் அட்டவணையில் அவர் நலமாக இருப்பார். இந்த நிரப்பும் வழக்கம் மருத்துவ ஆய்வுகளில் பல ஆண்டுகள் சாதாரணமாகப் புழங்கியது.

டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976-ல் இந்தச் சிக்கலுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார். தகவல் விடுபட்டிருப்பதைவிட, எந்தக் காரணத்தால் விடுபட்டது என்பதுதான் முக்கியம். இயந்திரம் பழுதானதால் யாரோ சிலரின் அளவு பதிவாகாமல் போனால் அது வெறும் தற்செயல், பெரிதாகக் கெடுதல் இல்லை. இளைஞர்கள் அதிகம் வராமல் போகிறார்கள், நம்மிடம் வயது விவரம் இருக்கிறது என்றால் அதை வைத்துச் சரிக்கட்டலாம். ஆனால் யாருக்கு உடல்நிலை மோசமாகிறதோ அவர்தான் வராமல் போகிறார் என்றால், அந்தக் காலியிடத்தை வேறெந்த எண்ணாலும் நேர்மையாக நிரப்ப முடியாது. மூன்றில் எது நடந்திருக்கிறது என்று தரவைப் பார்த்தே சொல்லிவிட முடியாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. ஆளைப் போய்க் கேட்க வேண்டும்.

அதனால் நான் ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தேன். ஆய்வுத் திட்டத்தில் அது இல்லை. ஆனால் என் ஆய்வில் மிகவும் பயன்பட்ட நேரம் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பல வருடங்களாக அந்த இடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி எனக்கு எதிரே திரையைத் திருப்பிக் காட்டினார். ‘வரவில்லை’ என்ற அந்த ஒரே குறியீட்டுக்குள் என்னென்ன அடைந்து கிடக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். உண்மையிலேயே வராதவர்கள் இருக்கிறார்கள். இருபது நிமிடம் தாமதமாக வந்து, திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அதற்குள்தான். போன் செய்து ரத்து செய்ய முயன்று, லைன் கிடைக்காமல் விட்டவர்கள். வீடு மாறியதால் கடிதமே கையில் சேராதவர்கள். டாக்டர் அவசர விடுப்பு எடுத்த நாளில், தேதியை மாற்ற நேரமில்லாமல் மொத்தமாக ‘வரவில்லை’ என்று போடப்பட்டவர்கள். “இதுல செத்துப்போனவங்களும் இருப்பாங்க. நமக்கு யாரும் சொல்லமாட்டாங்களே” என்றார்.

எத்தனையோ ஆய்வுகளில் இந்தக் குறியீடு நோயாளியின் நடத்தையாக, அவருடைய அக்கறையின்மையின் அளவுகோலாகப் புகுந்துகொள்கிறது. ஆளும் நிலையமும் இடிபடுகிற இடத்தில் உண்டாகும் ஒரு தடம் அது. அதை ஆள் மேல் மட்டும் எழுதுவது தவறு, அநியாயமும் கூட.

வராமல் போவது எவ்வளவு கனமான அறிகுறி என்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை இறப்புப் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தார்கள். நீண்டகால மனநலப் பிரச்சினை உள்ளவர்களில், ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் அப்பாயின்ட்மென்டைத் தவறவிட்டவர்களுக்கு, ஒருமுறைகூடத் தவறவிடாதவர்களைவிட இறக்கும் அபாயம் எட்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அந்தக் காலிக் கட்டங்களுக்கு நிர்வாகம் ‘வீணான நேரம்’ என்று பெயர் வைத்திருக்கும். உதவி மிக அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது ஆராய்ச்சியாளரை ஏமாற்றும் பக்கம். 1980-ல் வெளியான ஒரு பழைய இதயநோய் மருந்துச் சோதனையின் முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் ஏறக்குறைய 25 சதவீதம். மருந்து அருமையாக வேலை செய்கிறது என்று அங்கேயே கைதட்டிவிடலாம். ஆனால் சோதனையில் இன்னொரு குழுவுக்குக் கொடுத்தது மருந்தே இல்லாத போலி மாத்திரை. அதை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிலும் இறப்பு 15 சதவீதம்தான், சாப்பிடாதவர்களில் 28. ஒன்றுமில்லாத மாத்திரை உயிரைக் காப்பாற்றாது. சொன்னபடி மாத்திரை சாப்பிட முடிகிற வாழ்க்கை ஒருவருக்கு வாய்த்திருக்கிறது என்றால் அதோடு சேர்ந்து வேறு பலவும் வாய்த்திருக்கின்றன. தொடர்ந்து வருபவர்கள் நன்றாக இருக்கிறார்கள், ஆகவே எங்கள் சேவை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த எண்களை முன்னால் வைத்துவிட்டு மேலே பேசலாம்.

இதே வகையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஆஸ்கர் விருது பெற்ற நடிகர்கள், பெறாத நடிகர்களைவிட ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 2006-ல் வேறொரு குழு கணக்கைத் திருத்திப் பார்த்தபோது வித்தியாசம் ஓராண்டு அளவுக்குச் சுருங்கியது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற நிலைக்கு வந்தது. காரணம் எளிமையானது. அறுபது வயதில் விருது வாங்க வேண்டுமென்றால் அறுபது வயதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த அறுபது வருடங்களையும் விருதின் வரவில் எழுதினால் விருது ஆயுளைக் கூட்டுவதாகத்தான் தெரியும். சுகாதார சேவைகளில் இது நாள்தோறும் நடக்கிறது. ஆறு ஆலோசனை அமர்வுகளையும் முடித்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று ஓர் அறிக்கை சொன்னால், இரண்டாவது அமர்வுக்குப் பிறகு இறந்தவர் எந்தக் குழுவில் எண்ணப்பட்டார் என்று முதலில் கேளுங்கள்.

தேவை எங்கே அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று, வேல்ஸ் நாட்டின் ஒரு சுரங்கக் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் எழுதினார். அதற்குத் தலைகீழ் மருத்துவ விதி என்று பெயர் வைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மறுக்க ஆளில்லை. எங்கள் தரவுகளில் அந்த விதி ஓசைப்படாமல் வேலை செய்கிறது. சேவை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் சேவைப் பதிவும் குறைவாகத்தான் இருக்கும். பதிவு குறைவாக இருப்பதைப் பார்த்து, இங்கே நோய் குறைவு என்று முடிவு கட்டுவது மிகச் சுலபம்.

2019-ல் அமெரிக்காவில் இதுதான் பெரிய அளவில் நடந்தது தெரியவந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று முன்கூட்டியே கணிக்க, பரவலாகப் பயன்படுத்தப்பட்ட ஒரு கணினிக் கணிப்புமுறையை ஸியாட் ஓபர்மேயர் என்பவரும் அவரது குழுவினரும் சோதித்தார்கள். நோயின் கடுமைக்குப் பதிலாக, சிகிச்சைக்கு ஆன செலவைக் கணிக்கும்படி அது பழக்கப்பட்டிருந்தது. கறுப்பின மக்களுக்கு, அதே அளவு நோய் இருந்தும், செலவு குறைவாக ஆகியிருந்தது. சிகிச்சை குறைவாகக் கிடைத்தால் செலவும் குறைவுதானே. விளைவாக, அந்த முறையில் ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் அதிக நோயுற்றிருந்தார்கள். அந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். அந்த முறையை எழுதியவர்கள் இனத்தை ஒரு மாறியாகக்கூடச் சேர்க்கவில்லை. பயன்பாட்டைத் தேவை என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

பயன்பாடு எதையெல்லாம் காட்டும் என்பதற்கு ஜான் வென்பர்க், ஆலன் கிட்டல்சோன் இருவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வெர்மாண்ட் என்ற ஒரே சிறு மாநிலத்துக்குள், பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களில், குழந்தைகளுக்கு டான்சில் எடுக்கும் வீதம் பத்து மடங்குக்கும் மேல் வேறுபட்டது. தொண்டைகள் அப்படி வேறுபடுவதில்லை. டாக்டர்களின் பழக்கம் வேறுபட்டது. ஆக, பதிவேட்டில் ஏறும் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும், அதற்குள் நோயாளியோடு நிலையமும் டாக்டரும் கலந்தே இருக்கிறார்கள்.

இனி நேர்காணல்கள். என் ஆய்வின் இரண்டாம் பகுதியில், தொடர் சிகிச்சையை விட்டுவிட்டவர்களில் சிலரைத் தேடிப் பேசினேன். எண்ணியல் ஆட்களும் நேர்காணல் ஆட்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்ப்பது எங்கள் துறையின் பழைய வியாதி. என் நெறியாளர்களில் ஒருவர் புள்ளியியல், மற்றவர் சமூகவியல். இருவருக்கும் நடுவில் நின்று வேலை செய்ததைப் பெரிய வரமாக நினைக்கிறேன். எத்தனை பேர் நின்றார்கள் என்று ஒருவரும், நிற்பது என்றால் என்ன என்று மற்றவரும் விடாமல் கேட்டார்கள்.

அலுவலகக் கட்டடங்களை இரவில் சுத்தம் செய்யும் ஒருவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். “காலைல ஒன்பதரைக்கு வரச் சொல்றாங்க. ஏழு மணிக்குத்தான் வேலை முடியும். வீட்டுக்குப் போய்ப் படுத்தா எழுந்திருக்க முடியாது. படுக்காம வந்தா, தூங்காததால பிரஷர் ஏறிப்போய் நிக்குது. ஏன் மாத்திரை சாப்பிடலைன்னு திட்டுறாங்க. சாப்பிட்டுத்தாங்க வந்தேன்.” அவர் மூன்று முறை அப்படித் திட்டு வாங்கியிருக்கிறார். அப்புறம் போவதை நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டிக் கொஞ்ச நாள் வாங்கியிருக்கிறார், பிறகு அதுவும் நின்றுபோனது. பதிவேட்டில் இவரும் ‘வரவில்லை’தான்.

பிரசவ கால மரணங்களைப் பற்றி ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் இருவரும் 1994-ல் மூன்று தாமதங்களைப் பிரித்துச் சொன்னார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் தகுந்த கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். நான் நேர்காணல்களைக் கோடிங் செய்தபோது, அதாவது அவர்கள் சொன்னவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்துக் குறித்தபோது, இந்த மூன்றும் தனித்தனிப் பெட்டிகளாக நிற்கவில்லை. மூன்றாவது தாமதம் முதலாவதைப் பெற்றெடுக்கிறது. போன இடத்தில் பட்ட அவமானம்தான் அடுத்த முறை போகலாமா வேண்டாமா என்ற முடிவை எடுக்கிறது. தாடியஸும் மெய்னும்கூட முன் அனுபவம் முடிவைப் பாதிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நீண்டகால நோயில் அது திரும்பத் திரும்பச் சுற்றுவதால், ஒவ்வொரு சுற்றிலும் சிலர் உதிர்ந்துபோகிறார்கள்.

ஆய்வு வாழ்க்கையைப் பற்றியும் கேட்பார்கள். தனிமை உண்டு. தரவைத் துப்புரவு செய்யும் மாதங்களில் யாரிடமும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. நர்ஸாக இருந்தவர், பொருளாதாரம் படித்தவர், டாக்டர், கணக்கு ஆள் என்று பலதரப்பட்டவர்கள் ஒரே துறைக்குள் வருவதால், அடுத்த மேசைக்காரருக்கு உங்கள் வேலை புரியாமலும் போகும். ஆனால் அவரிடம் விளக்கிச் சொல்ல முயன்றால் உங்களுக்கே அது துலங்கும். மாரடைப்பு நோயாளிகளைப் பல ஆண்டுகள் வார்டில் கவனித்த ஒரு சக மாணவி, எது எதற்குக் காரணம் என்று காட்டும் என் வரைபடத்தில் இருந்த ஓர் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, நிஜத்தில் இது மறுதிசையில் போகும் என்றார். அவர் சொன்ன கோணத்தில்தான் அந்த அத்தியாயம் முழுவதும் பிறகு எழுதப்பட்டது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் என் முடிவுகளை அதிகம் கேட்கவில்லை. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எப்படித் தேர்வானார்கள் என்று காட்டும் முதல் படத்தில், பக்கவாட்டில் ஒதுக்கப்பட்ட பெட்டிகளில் விரலை வைத்தார். இவர்கள் யார்? முழுமையான பதிவு இல்லாததால் நீக்கப்பட்டவர்கள் என்று ஒரு வரியில் எல்லோரும் எழுதிவிடும் பெட்டி அது. நீக்கப்பட்டவர்களையும் எஞ்சியவர்களையும் வயது, பாலினம், வசிப்பிடம், முதல் நாள் அளவு என்று ஒப்பிட்டு நான் ஓர் அட்டவணை போட்டிருந்தேன். தேர்வின் பெரும்பகுதி அந்த அட்டவணையைப் பற்றிய பேச்சாகவே போயிற்று. தொடங்கப் போகிறவர்களுக்கு என்னிடம் நடைமுறை யோசனை ஒன்று உண்டென்றால், எந்தச் சூத்திரத்தையும் ஓடவிடுவதற்கு முன்னால் இந்த அட்டவணையைப் போட்டுவிடுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முன்னால் வையுங்கள்.

அந்தத் தேர்விலேயே அவர் இன்னொன்றும் கேட்டார். ஒருமுறையாவது வந்து நின்றுபோனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், முதல் நாளே வராதவர்கள்? இப்போது அதில்தான் வேலை செய்கிறேன். இதற்கு ஒரு வழியைப் புள்ளியியலாளர்களான சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-ல் கொடுத்திருக்கிறார்கள். கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில், பதிவேட்டில் ஏறாத பிறப்புகளும் இறப்புகளும் எத்தனை இருக்கும் என்று மதிப்பிடுவதற்காக எழுதப்பட்ட முறை அது. இரண்டு தனித்தனிப் பட்டியல்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் 100 பேர், மற்றதில் 80 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டியலில் உள்ள 80 பேரில் 60 பேரை, அதாவது முக்கால்வாசிப் பேரை, முதல் பட்டியல் பிடித்திருக்கிறது. அப்படியானால் மொத்தக் கூட்டத்திலும் அது முக்கால்வாசியைத்தான் பிடித்திருக்கும், மொத்தம் ஏறக்குறைய 133. இரண்டிலுமாகச் சேர்ந்து நம் கண்ணில் பட்டவர்கள் 120. எதிலும் படாதவர்கள் ஏறக்குறைய 13 பேர்.

இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நிஜத்தில் மருத்துவ நிலையத்துக்கு வராதவர்தான் கணக்கெடுப்புக்காரர் கதவைத் தட்டும்போதும் வேலைக்குப் போயிருப்பார். அப்போது இந்த 13 என்பது உண்மையைவிடக் குறைவாக இருக்கும். சந்திரசேகரனும் டெமிங்கும் இதை அறிந்தே, கூட்டத்தைச் சிறு சிறு ஒத்த குழுக்களாகப் பிரித்துக் கணக்கிடச் சொன்னார்கள். அதோடு மூன்றாவது பட்டியல் ஒன்று கிடைத்தால் சார்பையே ஓரளவு மதிப்பிட முடியும். ஆம்புலன்ஸ் அழைப்புகளை அதற்குப் பயன்படுத்தலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கான அனுமதி விண்ணப்பம் நெறிமுறைக் குழுவிடம் இருக்கிறது.